ஒரு ரிங்

கிணற்றுக் கொட்டகையில் மெக்கானிக் ஐசக் மோட்டார் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் தீய்ந்த நாற்றம் குப்பென்று வந்தது.

முனிரத்தினம் அதைக் காதிலும் போட்டுக்கொள்ளவில்லை, மூக்கிலும் போட்டுக்கொள்ளவில்லை. தன் குறையைச் சொல்வதிலேயே இருந்தார். கொஞ்ச நாளாகப் பெட்டிக்குச் சோம்பல் வந்துவிட்டதாம். முன்பெல்லாம் வீட்டிலிருந்து செல்போனில் ஒரு ரிங் விட்டால் உடனே மோட்டார் ஓடும். இப்போது வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் ஆகிறதாம்.

அந்தப் பெட்டியின் மேல் அவருக்கு அத்தனை பெருமை. உள்ளே ஒரு சிம் கார்டு, நகத்தளவு சிப்பு. அவ்வளவுதான் சங்கதி. அந்த சிம்மின் எண்ணை மகள் பூஜா அவருடைய செல்போனில் 'மோட்டார்' என்று பெயர் போட்டுப் பதிந்து கொடுத்திருந்தாள்.

பெருமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பங்குக் கிணறு. மறுபங்கு கூடப்பிறந்த அண்ணன் தாண்டவராயனுடையது. வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. பெட்டி வந்த பிறகு, மோட்டார் போடச் சொல்லி அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற தொல்லை இல்லை.

ஆயில் இன்ஜின் காலத்தில் அப்படியா இருந்தது? அண்ணன் இந்தக் கொட்டகையில் நின்று இன்ஜினைச் சுற்றிவிடுவார். தம்பி கடைசி வயலில் கால்வாயைப் பார்த்தபடி நிற்பார். தண்ணீர் வந்ததா என்று இங்கிருந்து ஒரு குரல் போகும். அங்கிருந்து பதில் வரும்.

அந்தக் குரலுக்கு முனிரத்தினத்தின் மனசு இன்னும் ஏங்கிக்கொண்டுதான் இருந்தது. வீட்டில்கூட அதைச் சொன்னதில்லை.

ஐசக் நிமிர்ந்தான்.

"இன்னா நைனா சொல்ற, மின்னல்ல சிப்பு மொத்தமா எரிஞ்சி கீது. உள்ள சிம்மே காணோம்."

முனிரத்தினம் சிரித்துவிட்டார். இன்று காலையில்கூடத் தண்ணீர் பாய்ந்ததே. உத்திரமேரூரிலிருந்து வந்த மெக்கானிக்குக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று, அங்கேயே ஒரு ரிங் விட்டுக் கட் செய்தார்.

பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுக் கதவு திறந்தது.

தாண்டவராயன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முட்டிவலிக் காலை இழுத்து இழுத்துக் கொட்டகையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

பெட்டி எரிந்துபோனதை அண்ணன் சொல்ல வேண்டுமானால் தம்பியிடம் பேச வேண்டுமே.

முனிரத்தினம் ஐசக்கின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினார். கழற்றிய மூடி அங்கேயே கிடந்தது.

கடைசி வயலுக்கு அவர் வந்து சேரவும் மோட்டார் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்து காலை நனைத்தது.

கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"வந்துச்சுண்ணா!"



பிறகு கையிலிருந்த செல்போன் அடித்தது. 'மோட்டார்' என்று பெயர் வந்தது.

ஒரே ஒரு ரிங்தான்.