பேனலுக்குப் பரீட்சை

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் கட்டம்போட்ட சட்டைக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"மேடம், நான் முதலாளியைப் பாக்கத்தான்..."

"இதை முடிச்சிட்டுப் பாக்கலாம் சார். வெளிய இன்னும் ஆறு பேர் உக்காந்திருக்காங்க." சோதனை நடத்தும் பெண் கதவைச் சாத்தினாள்.

மேஜைமேல் புது சிந்தசைசர். துளைக்குத் துளை ஒயரை மாற்றிச் செருகி, குமிழைத் திருகி, விதவிதமாக ஒலி எழுப்பும் கருவி. கடைக்கு அனுப்புமுன், அதன் முன்பக்கப் பேனல் கைக்குத் தோதாக இருக்கிறதா என்று வெளியாட்களை வைத்துப் பார்க்கிறார்கள்.

"இதை முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

"நல்லதாப் போச்சு. பத்து நிமிஷத்துல சீரா ஒரு தாளம் வரணும். நான் உதவி பண்ண மாட்டேன். பயப்படாதீங்க, பரீட்சை உங்களுக்கு இல்ல, பேனலுக்குத்தான்."

அதைக் கேட்டபிறகுதான் அவர் கைக்குட்டையைத் தேடினார்.

முதல் ஒயரைச் செருகினார். அது தொங்கி, துளைக்குக் கீழே இருந்த எழுத்தை மறைத்தது. விலக்கிவிட்டுக் குனிந்தார். சாம்பல் நிறப் பேனலில் வெள்ளை எழுத்து, எறும்பு சைஸில். ஒரு குமிழைத் திருகினால் விரல் இடித்துப் பக்கத்துக் குமிழும் சேர்ந்து திரும்பியது.

திடீரென்று ஸ்பீக்கர் வீலென்று அலறியது. அவர் நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார்.

"இது... தாளத்துல சேராதா?"

"சேராது சார். இன்னும் ரெண்டே நிமிஷம்."

அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அவர் காலர் நனைந்துவிட்டது. எந்த ஒயர் எங்கே போகிறது என்பதே மறந்துபோய், கடைசி ஒயரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்தார். முகம் சிவந்திருந்தது. சட்டைக்காரர் பதறி எழுந்தார்.

"நீங்க உக்காருங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." முதலாளி அவர் தோளைத் தட்டினார். "ஒயர் விழற இடத்துல எழுத்தை வச்சிருக்கான் பாருங்க, இதை வரைஞ்ச அறிவு கெட்டவன்! மெயில்ல மட்டும் வக்கணையா எழுதினான். இன்னிக்கு நேர்ல வரானாம். வரட்டும், வாசலோட அனுப்பிடறேன்."

கோபம் கொஞ்சம் தணிந்ததும் மேஜைமேல் இருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"தொழில்னு போட்ட இடம் காலியா இருக்கே. நீங்க என்ன பண்றீங்க?"

அவர் கையிலிருந்த ஒயரை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

"பேனல் வரையறேன் சார்."