ஒன்றுமே தின்னாத குட்டி

வைகாசி முடியப்போகிறது, மழையைக் காணோம். தோட்டத்துக்காரி மரகதம், மிச்சமிருந்த கடைசிச் சோளத்தட்டுக் கட்டை அவிழ்த்துச் செவலைப் பசுவின் முன்னால் போட்டாள்.

"அடுத்த லோடு நாளைக்குச் சாயங்காலந்தான் வரும். அதுவரைக்கும் இதுதான், பாத்துத் தின்னு."

பசு இரண்டே வாய்தான் தின்றிருக்கும். வெள்ளாடு வந்து பக்கத்தில் படுத்தது.

"என்னத்தைச் சொல்றதுங்கக்கா, எங்குட்டி ஒண்ணுமே திங்க மாட்டேங்குது."

வீடு தேடி வந்தவள் பேசும்போது மென்றுகொண்டிருப்பது மரியாதையில்லை. பசு தீனிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டது. "அடப்பாவமே!"

"வேப்பங்கொழை ஒடிச்சுப் போட்டாங்க. மோந்து பாத்துட்டுப் போயிருச்சுங்க. எலும்புந்தோலுமா நிக்குது. நெனைச்சா எனக்குத் தண்ணிகூட எறங்கறதில்லீங்க."

"வெயில் காலம் புள்ளே. நாலு தூத்தல் விழுந்தாச் சரியாப் போயிரும்."

பின்னால் நறுக் நறுக்கென்று ஏதோ சத்தம். பேச்சு சுவாரசியத்தில் இரண்டு பேருமே அதைக் கண்டுகொள்ளவில்லை.

நிழல் நகர்ந்து முதுகில் வெயில் சுட்டதும் பசு எழுந்து திரும்பியது. ஒரு தட்டைகூட மிச்சமில்லை. பெருக்கிவிட்டதுபோல் கிடந்த தரைக்கு நடுவே, வயிறு பானையாக உப்பிப்போய்க் குட்டி நின்றிருந்தது. கடைவாயில் ஒரு துண்டுத் தட்டை ஆடியது.

"ஐயோ, நாளை வரைக்கும் வெச்சிருந்த தீனி!"

குட்டி நீளமாக ஒரு ஏப்பம் விட்டது.

வெள்ளாடு பதறி ஓடி அதன் வயிற்றை மோந்து பார்த்தது. கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களாக்கா? உள்ள வெறுங்காத்துதானுங்க இருக்குது!"