சட்டைக்குள் ஒரு பை

"போலீஸ் சட்டைக்கு உள்பையா? எந்த ஊர்ல?" என்று முறைத்தார் டெய்லர் மாசானம்.

போடியில் சுதந்திர தின நாடகம். நாற்பத்திரண்டு போராட்டத்தில் நடந்த கதை என்பதால் வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் உடுப்பு வேண்டும். அரை நிக்கர், காலில் சுற்றும் பட்டி, சிவப்புத் தலைப்பாகை.

உடுப்பு கிடக்கட்டும், ஊர்க்காரனை அடிக்கிற வேசம் கட்ட ஒரு பயலும் வரவில்லை. கடைசியில் வந்து நின்றது யாரு? ரிட்டயர்டு ஏட்டு சின்னச்சாமி! மாசானத்தின் அண்ணன் கன்னையனை அந்தப் போராட்டத்தில் விலங்கு மாட்டி இழுத்துப்போன அதே ஆள். அண்ணன் சப்-ஜெயிலிலேயே காய்ச்சலில் செத்துப்போனான்.

மாசானம் 'உட்காரு' என்றுகூடச் சொல்லவில்லை.

ஏட்டு நின்றபடியே சொன்னார். "பட்டி முழங்காலுக்குக் கீழ நாலு விரக்கடையில முடியணும். நிக்கர் கஞ்சியில வெறைப்பா நிக்கணும். சட்டைக்கு உள்ள, நெஞ்சுப் பக்கம் ஒரு பை."

"நானும் ஸ்டேஷனுக்குத் தச்சவன்தேன். அப்படிப் பையே கிடையாது."

"எனக்கு இருந்துச்சு. வீட்டுக்காரி தச்சுக் குடுத்தா."

"எதுக்கு, மாமூல் வாங்கி ஒளிக்கவா?"

ஏட்டு நெஞ்சில் கை வைத்து, பை இருந்த இடத்தைக் காட்டினார்.

"நாடகத்துல அதை யாரு பாக்கப் போறா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதேன் வச்சது. அது இல்லாம அந்தச் சட்டையை அன்னைக்கும் என்னால போட முடியல. இன்னைக்கும் முடியாதுப்பா."

"சரி சரி, அளவச் சொல்லும். எனக்குச் சோலி கிடக்கு."

"ஒரு கடுதாசியை எட்டா மடிச்சா உள்ள போகணும்."

மாசானத்தின் கை அப்படியே நின்றது.

அண்ணன் ஜெயிலுக்குள்ளே இருந்த ஆறு மாசமும் வீட்டுக் கதவிடுக்கில் அவன் கடுதாசி கிடக்கும். எட்டாக மடித்திருக்கும். 'கொண்டுவந்தது யாருன்னு கேக்காதீக ஆத்தா' என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பான். ஜெயில் பக்கம் போய்வந்த குரங்கணி ஏலக்காய் ஏவாரிதான் கொண்டுவந்தார் என்று நம்பி, ஆத்தா சாகிறவரை அவரைக் கும்பிட்டாள். அந்த மனுசனும் சிரித்துக்கொண்டே கும்பிடை வாங்கிக்கொண்டார்.

சப்-ஜெயிலில் காவல் நின்றது யார் என்று ஒருத்தருக்கும் யோசனை போகவில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மாசானம் உள்ளே போய் ஆத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்தார். அண்ணன் கடுதாசி ஒன்றை எடுத்தார். அதில் பழைய கறை. இத்தனை வருசமாக டீக்கறை என்றே நினைத்திருந்தார். இன்றைக்கு உற்றுப் பார்த்தபின், வேர்வையில் இறங்கிய காக்கிச் சாயம் டெய்லருக்குத் தெரியாமலா போகும்?

கடைக்கு வந்து, அந்தக் கடுதாசியைத் துணிமேல் வைத்து, சுற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டார்.

பிறகு ஸ்டூலைத் தன் தோள்துண்டால் துடைத்தார்.

"உக்காருங்கண்ணே."