அரக்குக் கட்டம்

கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். நாற்காலியில், வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுதாகர். சுவரோரம், சீர்த்தட்டுடன் அவன் அக்கா ரேணுகாம்பாள். உள்ளறையிலிருந்து வந்து எதிரே நின்ற அவன் மனைவி ராதிகா.

சொல்லி முடிக்கும்வரை கையை எடுக்கக் கூடாது. அதுதான் விதி.

இடது கண்ணில் விழித்திரைக்கும் அதன் பின்னாலிருக்கும் படலத்துக்கும் சேர்ந்தாற்போல் அழற்சி வந்து, மாத்திரையில் அடங்கியிருந்தது. திரும்ப வந்தால் நேர்கோடு வளைந்து தெரியும், அன்றைக்கே வேலூருக்கு வந்துவிடு, தள்ளிப்போட்டால் கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் பார்க்கக் கட்டம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்தார்.

ஆரணிக்காரனுக்குக் கட்டம் பார்க்கத் தாள் எதற்கு? அவன் தறியில் நெய்த அரக்குக் கட்டச் சேலையை உடுத்திக்கொண்டு காலைதோறும் எதிரே வந்து நின்றாள் ராதிகா.

"ஒத்தக் கண்ணால பாத்தாத்தான் பொண்டாட்டி அழகா தெரியறாளாடா?" என்றாள் ரேணுகாம்பாள். "ஜல்தியா பாரு. வந்தவாசி பஸ்ஸு போயிடும்."

நாளை விடியலில் வந்தவாசியில் ராதிகாவின் தம்பிக்குக் கல்யாணம். ஒரே தம்பி. தாலியில் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் இவள். ஒரு மாதமாக அதே பேச்சு. தூக்கத்தில்கூட அவள் விரல்கள் முடிச்சுப் போட்டன.

சுதாகர் பார்த்தான்.

நடுவில் புகை. சுற்றிலும் அரக்கு. கோடு என்று ஒன்றுமே இல்லை. நேற்று வளைந்தாவது தெரிந்தது. நேற்றும் அவன் சொல்லவில்லை.

கல்யாணம் முடியட்டும். அதற்குள் என்ன ஆகிவிடும்?

"நூல் புடிச்ச மாதிரி இருக்குது," என்றான். "ஒரு கோடும் வளையல."

"நல்லா பாத்து சொல்லுங்க."

"பாத்துகினுதான இருக்கறேன்."

அவன் கையை எடுத்தான்.

அதே அரக்கு நிறம். ஆனால் வெறும் சேலை. ஒரு கட்டம் இல்லை, ஒரு கோடு இல்லை.

ரேணுகாம்பாள் தட்டைப் பார்த்தாள்.

"முடிச்சு போட சித்தி பொண்ணு இருக்கறா, அண்ணி. நீங்க கெளம்புங்க. நாங்க வேலூர் போறோம்," என்றாள் ராதிகா. குரல் உடையவில்லை. முந்தானை நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டு, அவிழ்த்தாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து பையை எடுத்தாள். ராத்திரியே கட்டி வைத்தது. அதில் கல்யாணப் பட்டு இல்லை. பிளாஸ்க், போர்வை, மேலாக மடித்து வைத்த கட்டச் சேலை.

அக்கா முன்னால் போனாள். ராதிகா அவனை வெளியே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.