எண்ணிக்கை தப்பும் படகு

"ஒன்பதுலயே குரல் குடுத்துட்டீங்க அக்கா. மறுபடியும்."

படகின் கடைசி இருக்கையிலிருந்து மெரியானா சொன்னாள். அந்த ஆறு பேர் படகுக்கு அவள்தான் தலைவி. திசை பிடிப்பதும் அவள்தான்.

மூன்றாவது இருக்கையில் இருந்த உபோகோய்னா திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்படியா? பதினாலுன்னுல்ல நெனச்சேன்."

துடுப்பைப் பதினாலு முறை இழுத்ததும் உபோகோய்னா "ஹப்" என்பாள். உடனே ஆறு பேரும் துடுப்பை மறுபக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். இருபது வருஷமாக அவள் குரலில்தான் படகு ஓடுகிறது. கொஞ்ச நாளாகத்தான் இந்தத் தடுமாற்றம். ஒரு பக்கம் பதினாலு சரியாக வரும். மறுபக்கம் பாதியிலேயே "ஹப்."

அவளுக்கு நேர் முன்னால், இரண்டாவது இருக்கையில் தெவுரா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த மாதம்தான் சேர்ந்தவள்.

தெவுரா படகில் எதையும் எண்ணுவதில்லை. வலது தோளில் தொடங்கும் வலி முதுகில் இறங்கி விலாவைச் சுற்றும்போது, உடம்பு வேறு யாருடையதோ போல மிதந்தது. காயல் பச்சையாக, பிறகு பால் நிறமாக, பிறகு நிறமே இல்லாமல் நழுவிப் போனது. தூரத்து மலையில் மழை இறங்கியது. சத்தம் மட்டும் வந்து சேரவில்லை.

வலிக்கிறது என்று வாயைத் திறக்க முடியாது. முதல் நாளே மெரியானா சொல்லிவிட்டாள்: "வலின்னு சொல்றவங்க கரையில உக்காந்து வேடிக்கை பாக்கலாம். படகுல அவங்க எடத்துக்கு ரெண்டு பேர் காத்திருக்காங்க."

வகுப்பில் கை மேலே எழாமல், பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் கணக்குப் போடுவதை தெவுரா யாரிடமும் சொல்லவில்லை.

படகைத் தூக்கிக் கரையில் வைத்ததும் மெரியானா பேச்சை எடுத்தாள்.

"போட்டிக்கு மூணு வாரம்தான் இருக்கு. ஒரே பக்கமா இழுத்து இழுத்து எல்லாருக்கும் ஒரு தோள் வெந்து கெடக்கு."

"அக்கா தூங்கிட்டே எண்ணுறாங்களோ என்னமோ" என்றாள் நாலாவது இருக்கைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

உபோகோய்னாவும் சிரித்தாள். "அறுபத்திரெண்டு ஆகுதுடி. வெரல் விட்டு எண்ணலாம்னா, துடுப்பை யாரு புடிக்கிறது?"

மெரியானா தெவுராவின் பக்கம் திரும்பினாள். "நீ என்ன டீச்சர் சொல்ற? கணக்கு தெரிஞ்சவ நீதான்."

தெவுரா துடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வயசாச்சுல்ல. இனிமே வேற யாராவது எண்ணினா நல்லது."

"அப்ப நாளைலேருந்து நீயே எண்ணு" என்றாள் மெரியானா.

உபோகோய்னா துடுப்பில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். இருபது வருஷக் குரல்.

"நல்ல குரல் அவளுக்கு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலை. காற்றே இல்லை. படகு போகிறதா, காயல்தான் பின்னால் போகிறதா என்று தெரியாத அமைதி.

தெவுரா எண்ணினாள். இடப்பக்கம் பதினாலு. "ஹப்."

துடுப்பு வலப்பக்கம் மாறியது. ஏழு. எட்டு. ஒன்பதில் தோளுக்குள் என்னவோ அதிர்ந்தது. பத்தில் துடுப்பு தண்ணீரைத் தொட்டது, இழுக்க வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஹப்."

"என்னடி இது, தொத்து வியாதியா?" என்றாள் மெரியானா. படகு முழுக்கச் சிரிப்பு.

சிரிப்புக்கு அடியில், தெவுராவின் முதுகை ஒட்டி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி உபோகோய்னாவின் குரல் வந்தது.

"எண்ணிக்கையை விட்டுட்டு உன் தோளைப் பாத்துதான் குரல் குடுத்துட்டிருந்தேன். மொத வாரம் ஆறுலயே நடுங்குச்சு. அப்புறம் எட்டு. நேத்து ஒன்பது. இன்னிக்குப் பத்து வந்துட்ட, டீச்சர்."