ஒன்பது பன்னிரண்டுக்கு ஆச்சரியம்

குரங்குப் படப்புத்தகத்துக்கு யூகேஜி ஆசிரியை செண்பகவல்லி எழுதிய பாடத்திட்டம் ஏழு முறை திரும்பி வந்து, எட்டாம் முறை ஒப்புதல் பெற்றது. 9.08க்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். 9.12க்கு மணி அடிக்கும். குரங்குப் பக்கம் வரும். பிள்ளைகள் ஆச்சரியப்பட வேண்டும். 9.14க்குச் சிரிப்பு. 9.15க்கு ஒரு கேள்வி, அதைக் கேட்க வேண்டிய குழந்தையின் பெயரோடு. கற்பனையை வளர்க்கும் திட்டம் என்று இதற்குப் பெயர். சுவர்க் கேமரா மதிப்பெண் போடும். அதை வைத்துத்தான் செண்பகவல்லியின் வேலை அடுத்த ஆண்டுக்கு நீளும்.

9.10க்கு ஜன்னல் வழியாக ஒரு நிஜக் குரங்கு உள்ளே குதித்தது. மேசைமேல் உட்கார்ந்து, புத்தகத்தைப் பிடுங்கி, அட்டையைக் கடித்துப் பார்த்தது.

"ஐயோ, குரங்கு!" என்று அலறினார் செண்பகவல்லி.

முப்பது பிள்ளைகளும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசை மிருதுளாவுக்கு மட்டும் உதடு துடித்தது.

"மிஸ், இப்ப ஆச்சரியப்படக் கூடாதுல்ல? இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே!"

குரங்கு புத்தகத்தோடு வெளியே தாவிப் போய்விட்டது. 9.12க்கு மணி அடித்தது. வெறும் மேசையைப் பார்த்து முப்பது பேரும் ஒரே குரலில் கூவினார்கள்: "ஹை! குரங்கு!"

மாலையில் அறிக்கை வந்தது. பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நூறு. ஆசிரியைக்கு மெமோ: குறித்த நேரத்துக்கு முன்பே ஆச்சரியப்பட்டதற்கு விளக்கம் அளிக்கவும்.

செண்பகவல்லி எழுதினார்: "தவறுக்கு வருந்துகிறேன். இனி ஆச்சரியப்பட மாட்டேன்."

இதற்கு மட்டும் முதல் முறையிலேயே ஒப்புதல் கிடைத்தது.