கம்பிக்கு அந்தப் பக்கம்

நான் ஆசையாக வளர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்த சேவலை, அத்தான் வாங்கிய கையோடு கம்பிக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

கோழிக் கொட்டிலுக்குள்ளேயே ஒரு மூலையில் அந்தக் கூண்டு. சுற்றிலும் அவருடைய கிழட்டுக் கோழிகள் இஷ்டம்போல உலாவ, என் சேவல் மட்டும் உள்ளே.

"என்ன அத்தான், கோழிகளோட விடறதுக்குத்தானே கேட்டீங்க?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு ஜெயில்ல போடறீங்க?"

"இருக்கட்டும் மாப்பிள்ளை."

அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும் என்றால் கடப்பாரை போட்டு நெம்ப வேண்டும்.

தாய்க்கோழி ஒதுக்கிய குஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக் காப்பாற்றி வளர்த்தவன் நான். "இருந்த ஒரு சேவலும் செத்துப்போச்சுடா, மனுஷன் சோர்ந்து போயிட்டார்" என்று அக்கா போனில் அழுதாள். அவளுக்காகத்தான் கொடுத்தேன். அவருக்காக இல்லை.

அவர்மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு.

மீசை முளைத்த வயதில், அவர் சூப்பர்வைசராக இருந்த பிஸ்கட் கம்பெனியில் என்னை வேலைக்குச் சேர்த்தார். பேக்கிங் பிரிவு. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் வருஷக்கணக்காக வேலை பார்க்கும் அக்காமார்கள். கையும் ஓடும், வாயும் ஓடும். ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான்.

என்னை மட்டும் அவர்களோடு சேரவிடவில்லை. ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் எடை பார்க்க உட்கார வைத்துவிட்டார். சாப்பாட்டு நேரத்திலும் வெளியே விடமாட்டார். மேசையைக் கண்ணாடியோடு ஒட்டிப்போட்டு, "இங்கேயே உட்கார்ந்து சாப்பிடு" என்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட வேண்டும்.

எனக்கு முன்னால் வந்தவன் சொல்லாமல் ஓடிப்போனான் என்று வாட்ச்மேன் சொன்னார். இவர் படுத்திய பாட்டில்தான் ஓடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் போல ஆன பிறகுதான் என்னை வெளியே விட்டார். அதற்குள் எனக்கு மனசு விட்டுப்போச்சு. அன்றிலிருந்து அவர் வீட்டில் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை. என் தலை நரைத்துவிட்டது. அது மட்டும் மாறவில்லை.

"டீ குடிக்கிறியாடா?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா."

"கேட்டுக் கேட்டு என் வாய்தான் தேஞ்சு போச்சு."

கிளம்பும்போது கூண்டைப் பார்த்தேன். சேவலுக்கான தீவனக் கிண்ணத்தை அத்தான் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கம்பிக்கு வெளியே, அதே இடத்தில், கோழிகளுக்குத் தீவனம் இறைத்தார். பெரிய கோழி ஒன்று, அதற்கு 'ஹெட்மிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார், கம்பி வழியாகவே என் சேவலைக் கொத்தப் பார்த்தது.

அப்படியே என்னை உட்கார வைத்த மாதிரி. மனுஷன் திருந்தவே இல்லை.

"அத்தான், அடுத்த வாரம் வருவேன். அப்பவும் இது உள்ளேயே இருந்தா எடுத்துட்டுப் போயிடுவேன்."

"சரி."

அக்கா என் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தாள். சேவலை எடுத்துக்கொண்டு போனால் நான் திரும்பி இந்தப் படி ஏறமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு கோழிக்காகவாடா?"

"கோழிக்காக இல்லக்கா."

அடுத்த வாரம் கூடையோடு போனேன். கூண்டு காலியாகக் கிடந்தது.

"எங்க அத்தான் என் சேவல்?"

அவர் கையை நீட்டினார். வேலியோரம் மண்ணைக் குடைந்து, கோழிகள் எல்லாம் புழுதியில் புரண்டுகொண்டிருந்தன. நட்டநடுவில் என் சேவல். ஹெட்மிஸ் அதன் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டியது. அது ஓரடி நகர்ந்தது. பிறகு வெட்கமே இல்லாமல் திரும்பி வந்து, அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

"நேரா உள்ள விட்டிருந்தா அன்னிக்கே கொண்டையைப் பிச்சிருக்கும்," என்றார் அத்தான். "வயசானதுங்க புதுசை அண்ட விடாது மாப்பிள்ளை. கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா நின்னு, மூஞ்சியைப் பார்த்துட்டே ஒண்ணா தின்னு பழகணும். அப்புறம் ஒண்ணும் பண்ணாது."

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக் காட்டி, 'வேணுமா' என்று சைகை செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. பிற்பாடு எனக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததே அந்த அக்காதான்.

கூடையைக் கீழே வைத்தேன்.

"அத்தான், கம்பெனியில எனக்கு முன்னாடி ஒருத்தன் வந்தானே, அவன் ஏன் ஓடினான்?"

"அவனா? கேலி பண்ணியே அழ வெச்சுட்டாங்க. ஒரு வாரம்கூடத் தாங்கலை." கையிலிருந்த தீவனத்தைக் கோழிகளுக்கு வீசினார். "அவனை நேரா உள்ள விட்டுட்டேன்."

"அக்கா," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன். "டீ இருக்கா?"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் நின்றது.

"இருக்குடா. உனக்குச் சர்க்கரை எவ்வளவுன்னுதான் மறந்துபோச்சு."